15 பாட்டுக்குள் எதை எடுப்பது, எதை விடுவது? பழைய திரைப்பாடல் இரவுக்கு யோசனை சொல்லுங்கள்

எருவில்_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசிகசாலை ஆண்டு விழாவில் இந்த முறை பழைய திரைப்பாடல் இரவு ஒன்று வைக்கிறோம். கல்முனைப் பக்கத்தில் இருந்து இசைக்குழு வருகிறது. இரண்டு மணித்தியாலம், 15 பாட்டு. அதற்கு மேல் ஏலாது, பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். பட்டியல் போடும் பொறுப்பு என்னிடம்.

ஊரில் பெரியவர்களிடம் கேட்டு எழுதத் தொடங்கினேன், கொப்பி நிறைந்துவிட்டது. ஆறுதலாக இருந்து பார்த்தால் பாதிக்கு மேல் 1961, 1962 படங்கள். பாசமலர், பாவ மன்னிப்பு, பாலும் பழமும் மூன்றும் 1961. மூன்றும் பீம்சிங் இயக்கியவை, மூன்றிலும் சிவாஜி, மூன்றுக்கும் கண்ணதாசனின் வரிகள், விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை. அதே வருடம்தான் பாக்கியலட்சுமியும். அறுபது வருடம் தாண்டிவிட்டது. இந்தப் படங்களில் ஒன்றையும் நான் முழுதாகப் பார்த்ததில்லை. பாட்டு மட்டும் வரிக்கு வரி தெரியும். யாரிடம் பாடமாக்கினேன் என்று யோசித்தால் பிடிபடவே இல்லை.

ஒரு படத்தில் ஒரு காட்சிக்கு என்று எழுதிய பாட்டு, படத்தையே மறந்த பிறகும் எப்படி நிற்கிறது? அது விளங்கினால் எதை எடுப்பது என்பதும் விளங்கும் என்று நினைக்கிறேன். உங்கள் ஊரில் எந்தப் பாட்டு இன்னும் வாயில் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஆரையம்பதி_டீச்சர்

தம்பி, எங்களுக்குப் பாட்டைக் கொண்டுவந்து தந்தது றேடியோ. தியேட்டருக்குப் போக வசதி உள்ள வீடு ஊருக்கு எத்தனை இருந்தது?

1952 இல் இந்தியாவில் கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சரானார். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுக்கு இடம் இல்லாமல் போனது. அங்கே உள்ளவர்களே இலங்கை வானொலியைத்தான் திருப்பிக் கேட்டார்கள். பிறகு 1957 ஒக்டோபரில் திரைப்பாட்டுக்கு இடம் கொடுத்து விவித் பாரதி என்ற ஒலிபரப்பைத் தொடங்கினார்கள், ஆனால் அதற்குள் நம் வானொலி தமிழ்நாட்டு வீடுகளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் என்று அந்தக் குரல்களை இந்தியாவில் இன்றைக்கும் பெயர் சொல்லி நினைக்கிறார்கள். பாட்டு அங்கே பிறந்தது, ஆனால் அதைப் பரப்பியதில் இந்தத் தீவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் விழாவில் அறிவிப்பாளர் இதை ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.

காலையில் பொங்கும் பூம்புனல் வரும் நேரம் எங்கள் அம்மா வளவில் மா இடித்துக்கொண்டிருப்பார். பாட்டு ஓடும்போது உலக்கையும் ஓடும். பாட்டு முடிந்ததும் உலக்கை நின்றுவிடும். படம், பாடியவர், எழுதியவர், இசை என்று அறிவிப்பாளர் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த இடி விழும். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். படம் பார்த்ததும் அருமை. ஆனால் எந்தப் பாட்டை மருதகாசி எழுதினார், எதைப் பட்டுக்கோட்டை எழுதினார் என்று பிசகாமல் சொல்வார். அறிவிப்பாளர்கள் அந்தப் பெயர்களைச் சொல்லிச் சொல்லித்தான் பாட்டுக்கு ஒரு மரியாதை வந்தது.

1970 க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது, புதுப் படங்களின் வரத்துக் குறைந்தது. அப்போது பழைய பாட்டே திரும்பத் திரும்ப ஓடியது. எழுபதுகளில் படித்த பிள்ளைகளுக்கும் அறுபதுகளின் பாட்டுப் பாடமானது அப்படித்தான்.

கீபோர்ட்_கல்முனை

டீச்சர் சொன்னது சரி. ஆனால் றேடியோவில் போட்டதெல்லாம் நிற்கவில்லையே. அதே வானொலி, அதே அறிவிப்பாளர், அதே நேரம். பத்துப் பாட்டில் ஒன்பதை மறந்துவிட்டோம். ஆகவே பாட்டுக்குள்ளும் ஏதோ இருக்க வேண்டும்.

நான் இருபது வருடத்துக்கு மேலாக மேடையில் வாசிப்பவன், என் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். அந்தக் காலத்து 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் மட்டில்தான் பதியலாம். அதற்குள் முன்னிசை, பல்லவி, இரண்டு மூன்று சரணம், இடையிசை எல்லாம் அடங்க வேண்டும். சுற்றி வளைக்க நேரம் இல்லை. பல்லவி முதல் வரியிலேயே ஆளைப் பிடிக்க வேண்டும். “மாலைப் பொழுதின் மயக்கத்திலே” எடுங்கள். சந்திரகௌன்ஸ் ராகம், இலேசான ராகம் அல்ல. ஆனால் சுசீலா அம்மா பல்லவியைத் தொட்ட இடத்திலேயே சபை அடங்கிவிடும். கீபோர்ட் வேண்டாம், பேஸ் வேண்டாம், ஒரு தபேலாவும் குரலும் போதும்.

தம்பிலுவில் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் “மலர்ந்தும் மலராத” போய்க்கொண்டிருந்தபோது ஜெனரேட்டர் நின்றது. இருட்டு, மைக் இல்லை, என் வாத்தியமும் செத்துவிட்டது. பாடிய தங்கச்சி நிறுத்தவா என்று என்னைப் பார்த்தார். அதற்குள் முன்னால் பாயில் இருந்த பெண்கள் இரண்டாம் சரணத்தை எடுத்துவிட்டார்கள். மெதுவாக, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பாடுகிற அதே வேகத்தில். தபேலாக்காரர் கை வைக்காமல் விரலால் மட்டும் தட்டினார். வெளிச்சம் வரும்வரை பாட்டு நிற்கவில்லை. அந்த மெட்டுக்கு வாத்தியம் துணைதானே ஒழியத் தூண் அல்ல. இப்போது வரும் பல பாட்டுக்கு ட்ராக் இல்லாவிட்டால் எங்களுக்கே எங்கே தொடங்குவது என்று தெரியாது.

சாய்ந்தமருது_மகள்

எங்கள் உம்மா தியேட்டர் வாசலை மிதித்ததே இல்லை. வாப்பா விடமாட்டார், மாமாமார் விடமாட்டார்கள். பாட்டுக் கேட்பதற்கு மட்டும் தடை இல்லை. அடுப்படியில் றேடியோ இருந்தது. உம்மாவும் சாச்சிமாரும் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினார்கள். டீச்சரின் அம்மாவைப் போலத்தான்.

எருவில் தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் இது. படம் பார்க்காதவர்களிடம்தான் பாட்டு முழுசாகத் தங்கியது. படம் பார்த்தவருக்கு “வாராய் என் தோழி” என்றால் சாவித்திரியின் கல்யாணம் நினைவுக்கு வரும். உம்மாவுக்கு வருவது சின்னச் சாச்சியின் கலியாணம். பெண்ணுக்கு மருதாணி போட்ட இரவில் அவர்கள் எல்லோரும் கைதட்டிப் பாடியது அந்தப் பாட்டுத்தான். எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய வேகத்துக்குக் கைதட்டும் தானாக வரும். எனக்கும் அதே பாட்டைப் பாடினார்கள். என் மகளுக்கும் பாடுவார்கள். அந்தப் பாட்டு எங்கள் வீட்டுச் சொத்தாகி எத்தனையோ வருடம். படக்காரருக்கு அதில் இனிப் பங்கில்லை.

இன்னொன்று. பட்டியலில் “எல்லோரும் கொண்டாடுவோம்” கட்டாயம் இருக்க வேண்டும். பாவ மன்னிப்புப் படம், டி.எம்.சௌந்தரராஜனும் நாகூர் ஹனிபாவும் சேர்ந்து பாடியது, எழுதியவர் கண்ணதாசன். படத்தில் சிவாஜிக்கு ரஹீம் என்று பெயர், முஸ்லிம் வீட்டில் வளர்ந்த பிள்ளை. பெருநாள் அன்று எங்கள் தெருவில் அது கேட்காமல் போகாது. நம் கரையில் ஒரு ஊர் தமிழ், அடுத்த ஊர் முஸ்லிம் என்று மாறி மாறித்தான் கிடக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் உரிய பாட்டு ஒன்று விழாவில் வேண்டாமா?

எருவில்_தம்பி

ராத்தா, அதை எழுதிவிட்டேன். எங்கள் ஊர்ப் பெரியவர்களும் அதைக் கேட்டிருந்தார்கள்.

வாழைச்சேனை_2001

எல்லோரும் 1961 இலேயே நிற்கிறீர்கள். நானும் ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

பழைய பாட்டு எல்லாம் தரம், புதுப்பாட்டு எல்லாம் இரைச்சல் என்பது சரியில்லை. கீபோர்ட் அண்ணனே ஒன்பதை மறந்துவிட்டோம் என்கிறார். அந்த ஒன்பதையும் சேர்த்து ஒப்பிட்டால் அந்தக் காலமும் இந்தக் காலமும் ஒன்றுதான். தேறியதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இன்று வருகிற எல்லாவற்றோடும் மோதவிடுகிறீர்கள். இன்று வருகிறதிலும் ஒன்று தேறும். அது எது என்று இப்போது சொல்ல ஏலாது, அவ்வளவுதான்.

“ஒவ்வொரு பூக்களுமே” 2004 இல் வந்தது. ஆட்டோகிராஃப் படம், பா.விஜய் எழுதியது, சித்ரா பாடியது, இரண்டு பேருக்கும் தேசிய விருது கிடைத்தது. அந்த வருடக் கடைசியில் சுனாமி. முகாமில் எங்களுக்குப் பாடம் எடுத்த அக்கா ஒருவர் இருந்தார். கொப்பி இல்லை, புத்தகம் இல்லை. அவர் காலையில் முதலில் செய்தது எங்களை வரிசையில் இருத்தி அந்தப் பாட்டைச் சொல்லித் தந்ததுதான். எங்களில் பலருக்கு வீடு இல்லை, சிலருக்குத் தாய் தகப்பன் இல்லை. அர்த்தம் விளங்குகிற வயது இல்லை, ஆனால் சத்தமாகப் பாடினோம். எனக்குப் பாசமலர் எவ்வளவோ அவ்வளவு இதுவும் பழைய பாட்டு. என் வயதுக்காரர் வந்து முன்னால் இருக்க வேண்டும் என்றால் இதைப் போடுங்கள்.

ஆரையம்பதி_டீச்சர்

மகன், கோபம் எதற்கு? நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பாட்டு எந்த வருடம் என்று பார்க்கக் கூடாது, யாருக்கு எப்போது கைகொடுத்தது என்று பார்க்க வேண்டும். தம்பி, இதைப் பட்டியலில் சேருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மனக்குறை. இப்போது பிள்ளைகளுக்குப் பாட்டின் நடுத்துண்டு மட்டும் தெரிகிறது. கைபேசியில் அரை நிமிடம் கேட்கிறார்கள். சரணம் தெரியாது. எழுதியவர் பெயர் திரையில் வருவதும் இல்லை, கேட்பதும் இல்லை. பாட்டு நிற்க வேண்டும் என்றால் முழுசாக நிற்க வேண்டும்.

படுவான்கரை_வயல்காரன்

நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம். எங்களுக்கு மின்சாரம் பிந்தித்தான் வந்தது, பற்றரி றேடியோதான் எல்லாம். சாய்ந்தமருதுத் தங்கச்சி சொன்னதோடு ஒத்துப்போகிறேன். பாட்டுக்கு ஒரு வேலை கிடைத்தால் அது சாகாது. கல்யாணத்துக்கு ஒன்று, தாலாட்டுக்கு ஒன்று, பள்ளிக்கூடம் முடித்துப் பிரியும்போது “பசுமை நிறைந்த நினைவுகளே”. அது 1963 இல் ரத்தத்திலகம் படத்துக்கு எழுதிய பாட்டு. படம் எத்தனை பேருக்கு ஞாபகம்? ஆனால் பிரியாவிடை என்றால் இன்றைக்கும் அதுதான்.

ஆனால் வேலை கொடுப்பதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. “வீடு வரை உறவு” பாதகாணிக்கைப் படத்தில் வந்த அருமையான பாட்டு. எங்கள் பக்கம் அதைச் செத்த வீட்டுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். மறுகா அதை வேறு எங்கும் பாட ஏலாது. வீட்டில் ஒரு பிள்ளை சும்மா முணுமுணுத்தாலே பெரியவர்கள் வாயை மூடச் சொல்வார்கள். தம்பி, உங்கள் கொப்பியில் அது இருந்தால் எடுத்துவிடுங்கள். சபையில் அண்மையில் ஆளை இழந்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு அது பாட்டாக இராது.

இன்னொன்று சொல்லலாம். 1976 இல் அன்னக்கிளி வந்தபோது “மச்சானைப் பார்த்தீங்களா” எங்கள் பக்கம் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டது. இளையராஜாவின் முதல் படம் என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. அருவி வெட்டும்போது, அதாவது நெல் அறுவடையில், எங்கள் ஆட்கள் பாடும் கவியில் மச்சானும் மச்சியும்தான் ஒருவரை ஒருவர் கூப்பிடுவார்கள். ஜானகி அம்மா பாடியதைக் கேட்ட என் மாமி, இது எங்கள் கவிதானே, ஆர் இதைப் படத்துக்குக் கொடுத்தது என்று கேட்டார். மண்ணில் ஏற்கெனவே இருக்கிற மெட்டை ஒட்டி வந்தால் அந்தப் பாட்டை யாரும் புதிதாகப் பாடமாக்கத் தேவை இல்லை.

கீபோர்ட்_கல்முனை

அண்ணன், செத்த வீட்டுப் பாட்டைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. நாங்களும் கேட்டால்கூட வாசிப்பதில்லை.

டீச்சர் எழுதியவர் பெயரைப் பற்றிச் சொன்னாரே, அதற்கு ஒன்று. மேடை அறிவிப்பில் பழைய பாட்டு என்றால் உடனே கண்ணதாசன் என்று சொல்லிவிடுகிறார்கள். “மணமகளே மருமகளே வா வா” நாங்கள் வாசிக்காத கல்யாணம் இல்லை. 1962 சாரதா படம், கே.வி.மகாதேவன் இசை. எழுதியவர் பஞ்சு அருணாசலம். கண்ணதாசனின் அண்ணன் மகன், அவரிடம் உதவியாளராக இருந்தவர். பிறகு இளையராஜாவை அன்னக்கிளியில் கொண்டுவந்தவரும் அவர்தான், மாமி கேட்ட அந்தப் பாட்டை எழுதியவரும் அவர்தான். “ஆயிரம் நிலவே வா” புலமைப்பித்தன். “காற்று வாங்கப் போனேன்” வாலி. “தூங்காதே தம்பி தூங்காதே” பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், 1958 நாடோடி மன்னன். அடுத்த வருடமே, 1959 ஒக்டோபரில், 29 வயதில் அந்த மனுசன் போய்விட்டார். 29 வயது! எங்கள் குழுவில் ட்ரம்ஸ் வாசிக்கும் தம்பிக்கு அதைவிடக் கூட. நாம் சந்தோசமாக இருக்கும் நாளில் எல்லாம் இவர்கள் எழுதியதைப் பாடுகிறோம். பெயரைச் சரியாகச் சொல்வதாவது செய்ய வேண்டும். தம்பி, விழா அறிவிப்பை நீங்கள் எழுதினால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.

அப்புறம், ஆட்டத்துக்கு ஒன்று வேண்டும். “சுராங்கனி” வைக்கலாம். இங்கே பைலா என்கிற ஆட்டப்பாட்டாகப் பிறந்து, ஏ.ஈ.மனோகரன் பாடிப் பரப்பி, 1977 இல் தமிழ்நாட்டுப் படத்துக்குள்ளும் போன பாட்டு. எல்லாப் பாட்டும் அங்கிருந்து இங்கே வந்தபோது இது ஒன்று இங்கிருந்து அங்கே போனது. ஆறெட்டுத் தாளம் தொடங்கினால் மட்டக்களப்பில் யாரும் கதிரையில் இருக்கமாட்டார்கள், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியரின் கல்யாணங்களைப் பார்த்து வளர்ந்த ஊர்.

கனடா_மட்டுநகர்

தூரத்தில் இருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். “விடை கொடு எங்கள் நாடே” ஒருவரும் சொல்லவில்லையே? 2002, கன்னத்தில் முத்தமிட்டால், வைரமுத்து எழுதியது, ரகுமான் இசை. அதில் எம்.எஸ்.விஸ்வநாதனின் குரல் இருக்கிறது. மாலைப் பொழுதுக்கு மெட்டுப் போட்டவர்களில் ஒருவரே, நாற்பது வருடம் கழித்து, நாங்கள் ஊரை விட்டுப் போவதைப் பற்றிப் பாடுகிறார். வயது போன அந்தக் குரலில் ஒரு உடைவு இருக்கிறது. இங்கே நாங்கள் கூடும்போது அதைப் போட்டால் ஒருவரும் பேசமாட்டார்கள். நம்மைப் பற்றி எழுதிய பாட்டு, நம் ஊர் மேடையில் இல்லாவிட்டால் வேறு எங்கே?

படுவான்கரை_வயல்காரன்

தம்பி, உங்கள் மனம் விளங்குகிறது. ஆனால் அது போனவர்களின் பாட்டு. நாங்கள் போகவில்லை, இடம்பெயர்ந்து கிறுகி வந்து அதே வயலைத்தான் விதைக்கிறோம். விழா இரவில் அதைக் கேட்டால் எங்கள் பெண்கள் எழும்பி வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களை நான் குறை சொல்லவும் மாட்டேன்.

கனடா_மட்டுநகர்

அண்ணன், அழுவதற்கும் ஒரு இடம் வேண்டும்தானே. எல்லாவற்றையும் சந்தோசப் பாட்டாகவே வைத்தால் அது யாருடைய இரவு?

சாய்ந்தமருது_மகள்

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாட்டை முன்னால் அறிவித்துவிட்டு, இடைவேளைக்குச் சற்று முன் வைத்தால் என்ன? கேட்க விருப்பம் இல்லாதவர்கள் தேத்தண்ணி குடிக்க எழும்பலாம். ஒருவரையும் கட்டிப்போட்ட மாதிரி இருக்காது.

எருவில்_தம்பி

ராத்தாவின் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, குழுவிலும் கேட்டேன். பெரும்பாலும் சம்மதம். ஒரு ஐயா மட்டும் வேண்டாம் என்கிறார், அவருடைய மகன் திரும்பி வராதவர். அவரோடு நேரில் பேசிவிட்டுத்தான் முடிவு. அவர் மறுத்தால் வைக்கமாட்டோம், கனடா அண்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மற்றபடி முடிவானதைப் போடுகிறேன். தொடக்கம் திரைப்பாட்டு இல்லை. விபுலானந்த அடிகளின் “வெள்ளைநிற மல்லிகையோ”வைப் பள்ளிப் பிள்ளைகள் பாடுவார்கள். யாழ் நூல் தந்த காரைதீவு மகனை விட்டுவிட்டு நம் மண்ணில் ஒரு இசை இரவைத் தொடங்க முடியாது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். பிறகு “மாலைப் பொழுதின் மயக்கத்திலே”, “மலர்ந்தும் மலராத”, “எல்லோரும் கொண்டாடுவோம்”, “தூங்காதே தம்பி”, “வாராய் என் தோழி”, “மணமகளே மருமகளே”, “ஆயிரம் நிலவே வா”, “மச்சானைப் பார்த்தீங்களா”. எண்பதுகளில் இருந்து “கண்ணே கலைமானே”. கண்ணதாசன் படத்துக்குக் கடைசியாக எழுதியது அதுதான். அவர் 1981 ஒக்டோபரில் போய்விட்டார், மூன்றாம் பிறை வந்தது 1982 இல். “ஒவ்வொரு பூக்களுமே”யை வாழைச்சேனைத் தம்பி வந்து பாடுவதானால் அவருக்கே விடலாம். “பசுமை நிறைந்த நினைவுகளே” முடிவுக்கு முன், “சுராங்கனி” கடைசி. இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. ஒன்றை அந்த ஐயாவுடன் பேசும் வரை வைத்திருக்கிறேன். மற்றது எம்.ஜி.ஆர் பாட்டு. “அச்சம் என்பது மடமையடா” என்று ஒரு பக்கமும், “காற்று வாங்கப் போனேன்” என்று ஒரு பக்கமும் இழுக்கிறார்கள்.

வாழைச்சேனை_2001

நான் வருகிறேன் அண்ணன். ஆனால் தனியாகப் பாடமாட்டேன். அந்த முகாமில் என்னோடு இருந்தவர்கள் சிலர் இங்கேயே இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கிறேன். சேர்ந்து பாடினால்தான் அது அந்தப் பாட்டு.

ஆரையம்பதி_டீச்சர்

சொல்லித் தந்த அந்த அக்காவையும் தேடிக் கூப்பிடுங்கள் மகன்.

கீபோர்ட்_கல்முனை

எம்.ஜி.ஆருக்கு “அச்சம் என்பது மடமையடா” எடுங்கள், சபை சேர்ந்து பாடும். “காற்று வாங்கப் போனேன்” தனிக்குரலுக்குத்தான் அழகு.

வாழைச்சேனைத் தம்பி, எத்தனை பேர், ஆணா பெண்ணா என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சித்ரா பாடிய சுருதியில் ஆண் பிள்ளைகளுக்கு மேலே எட்டாது, இறக்கித்தான் வாசிக்க வேண்டும். ஒரு தடவை கைபேசியில் பாடி அனுப்பினால் சுருதியை நான் பார்த்துச் சொல்கிறேன். ஒத்திகை விழாவுக்கு முதல் ஞாயிறு பின்னேரம், வாசிகசாலையிலேயே வைக்கலாம். எருவில் தம்பி, அன்றைக்கு மின்சாரம் எப்படி என்று விசாரித்து வையுங்கள்.